ஜீப் படுதால இருக்க பிளாஸ்டிக் கண்ணாடி, கீறல் எடுத்து 5 வருஷம் ஓட்டுன அனுபவம்

நம்ம வண்டி 2014 மஹிந்திரா தார், படுதா போட்டது. போடிநாயக்கனூர்ல இருந்து போடிமெட்டு ஏறி ஏலக்கா தோட்டத்துக்குப் போக வர இதான், வாரத்துக்கு மூணு நாலு தடவை அந்த 17 கொண்டை ஊசியும் ஏறி இறங்குது. இன்ஜின்ல எனக்கு ஒரு குறையும் கெடையாது. ரொம்ப நாள் என்னைய பாடாப்படுத்துனது பின் படுதால தச்சிருக்க பிளாஸ்டிக் கண்ணாடிதான். பகல்ல பாத்தா லேசா பனி மூடுன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ராத்திரி எறங்கும்போது பின்னால ஒரு லாரி வந்துச்சுன்னா அதோட ஹெட்லைட் ஒவ்வொரு கீறல்லயும் பட்டு செதறி, மிரர் முழுக்க வெள்ளையா பரவிரும், லாரி பத்தடில வருதா நூறடில வருதான்னே சொல்ல முடியாது. மலை ரோட்டுல அது பயங்கரமான விஷயம்.

கீறல் பூராம் வந்தது தொடச்சதுலதான். ஆனி ஆடில எங்க பக்கம் மேக்கத்திக் காத்து புழுதிய வாரி அடிக்கும், சாயங்காலம் கை வச்சா கண்ணாடி மேல நறநறன்னு இருக்கும். அத நானும் தினம் காஞ்ச துணிய வச்சு தொடச்சிட்டுத்தான் கெளம்புவேன். வாட்டர் சர்வீஸ் விட்ட எடத்துலயும் சக்கரம் தொடச்ச அதே துணியால இதையும் ஒரு இழு இழுத்திருக்காங்க. மண்ணு வச்சுத் தேச்சா உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரிதான.

மொதல்ல டூத்பேஸ்ட் போட்டேன், எல்லாரும் சொன்னாங்கன்னு. பெரிய கீறல் அப்படியே நின்னுச்சு, சுத்தி புதுசா பொடிப்பொடியா மங்கல் ஏறிருச்சு. அத செய்யாதீங்க. ஹெட்லைட்டுக்குப் போடுற மாதிரி 2000 நம்பர் உப்புத்தாள் போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அது இதுக்கு ஆகாது, ஹெட்லைட் பாலிகார்பனேட்ங்கிற கெட்டியான பிளாஸ்டிக், இது வளையிற பிவிசி. வளையணும்ங்கிறதுக்காக எண்ணெய் மாதிரி பிளாஸ்டிசைசர்னு ஒண்ணு இதுக்குள்ள கலந்திருக்கும், வெயில்ல வருஷக்கணக்கா கெடக்க கெடக்க அது கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி ஷீட்டு வெறைச்சு மஞ்சளாகி கடைசில ஒடையும். தின்னர், பெட்ரோல், அமோனியா போட்ட கண்ணாடி கிளீனர் இதெல்லாம் பட்டா இன்னும் சீக்கிரம் கெடும்.

பாலிஷ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. கண்ணாடிய கழுவிட்டு ரெண்டு பக்கமும் ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும்போதே அது வழியா பாருங்க. தண்ணி கீறலுக்குள்ள போயி நெரப்பிக்கும், அப்ப தெளிவா தெரிஞ்சா பிரச்சினை மேலாப்புலதான் இருக்கு, பாலிஷ்ல வந்துரும். நனைஞ்சும் மங்கலாவோ மஞ்சளாவோ இருந்தா சரக்குக்குள்ளயே போயிருச்சுன்னு அர்த்தம், எவ்வளவு தேச்சாலும் கை வலிதான் மிச்சம். என் வண்டில பின்னாடி கண்ணாடியும் எடது பக்கமும் நனைஞ்சதும் பளிச்சுன்னு ஆச்சு, வலது பக்கம் மாறவே இல்ல. தினம் நிறுத்துற எடத்துல மத்தியான வெயில் வாங்குற பக்கம் அது.

நான் போடுறது மெகையர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ்ங்கிற பிளாஸ்டிக் பாலிஷ், 296 மில்லி பாட்டில், வளையிற பிளாஸ்டிக்குக்கும் ஆகும்னு போட்டே விக்கிறாங்க. காலைல நெழல்ல, ஷீட்டு சூடில்லாம இருக்கும்போது மட்டும் செய்வேன். ஷாம்பு தண்ணி ஊத்தி வெறுங்கையால தடவிக் கழுவணும், துணியே வேணாம், நறநறப்பு இருந்தா உள்ளங்கைக்கு ஒடனே தெரியும். காய விட்டு, மகன் உள்ள ஒக்காந்து மடிச்ச துண்ட பின்பக்கமா தாங்கிப் பிடிச்சுக்குவான், இல்லேன்னா அமுக்க அமுக்க ஷீட்டு உள்வாங்கிட்டே போகும். மைக்ரோஃபைபர் துணில அஞ்சு ரூவா காசு அளவு தொட்டு, கை அகல எடம் மட்டும் எடுத்து, குறுக்கயும் நெடுக்கயும் தேய்க்கணும். மொதல்ல வழவழன்னு போகும், வெள்ளையா மூடும், ரெண்டு நிமிஷத்துல துணி லேசா பிடிக்க ஆரம்பிக்கும், அப்ப வேற சுத்தமான துணியால தொடச்சா அந்த எடம் மட்டும் சன்னல் தொறந்த மாதிரி தெரியும், பக்கத்துல பழைய மங்கல் கோடு போட்டது மாதிரி நிக்கும். அத மொத தடவை பாத்தப்ப மகன் உள்ள இருந்து "அப்பா, தெருவு தெரியுதுப்பா"ன்னு கத்துனான். ஒரு கண்ணாடிக்கு வெளிப்பக்கம் உள்பக்கம் சேத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு, உள்பக்கத்த விட்டுட்டா பாதி வேலைதான்.

நகம் மாட்டுற ஆழக் கீறல் போகாது. மூட்டை தூக்குன கொக்கி இழுத்த கோடு ஒண்ணு இன்னும் இருக்கு, அத எடுக்கணும்னா சுத்தி உள்ள எடத்தையும் தேச்சு எறக்கணும், ஷீட்டு மெலிசாகி பின்னால வர்ற வண்டி நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும். டிரில்ல ஸ்பாஞ்சு மாட்டி ஒரு பழைய ஷீட்டுத் துண்டுல போட்டுப் பாத்தேன், கொஞ்ச நேரத்துலயே சூடேறி அலை அலையா இழுத்துக்கிச்சு. கைதான் சரி.

இப்ப 5 வருஷம். மொத வருஷம் ரெண்டு தடவை போட்டேன், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, காத்து சீசன் முடிஞ்சதும். நடுவுல மாசம் ஒரு தடவை, வெயில்ல பிளாஸ்டிக் கெடாம இருக்க அடிக்கிற 303 ப்ரொடெக்டன்ட் தடவுறேன், தூசி ஒட்டுறது கொறைஞ்சிருக்கு. மஞ்சள் ஏறாம இருக்குறது அதனாலயா, வண்டிய ஷெட்டுக்குள்ள விட ஆரம்பிச்சதனாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியல, ரெண்டும் பண்ணுறேன். காஞ்ச துணி கண்ணாடி கிட்டயே போறதில்ல, வாட்டர் சர்வீஸ்ல பின்பக்கத்த தொடைக்க வேணாம்னு சொல்லி நானே கூட நிப்பேன்.

ஒரு நஷ்டம் மட்டும் ஆச்சு. மார்கழி காலைல மேல தோட்டத்துல, குளிர்ல ஷீட்டு அட்டை மாதிரி வெறைச்சிருந்த நேரத்துல வலது பக்கத்த சுருட்டிட்டேன், ஏற்கனவே மஞ்சளானது வேற, மடிப்புல வெள்ளையா ஒரு கோடு விழுந்து, ரெண்டு வாரத்துல அதுவே கிழிசல் ஆயிருச்சு. இப்பல்லாம் வெயில் ஏறுன பெறகு, நடுவுல துண்டு வச்சு, மடிக்காம உருட்டித்தான் கட்டுறது. அந்த வலது பக்கத்த மட்டும் குஷன் கடைல குடுத்திருக்கேன், "படுதா நல்லாருக்குண்ணே, ஷீட்ட மட்டும் வெட்டி எடுத்துட்டு புதுசு தச்சுரலாம்"னாரு. பழைய தையல் ஓட்டையிலயே ஊசி போகுற மாதிரி தைக்கச் சொல்லிருக்கேன், இல்லேன்னா மழைத்தண்ணி உள்ள எறங்கும். வியாழக்கிழமை தர்றேன்னிருக்காரு.