லைவ் ராக் என்று சாயம் பூசிய சிமென்ட் கட்டி: 16,400 ரூபாய் போச்சு

முந்தாநாள் ராத்திரி என் தொட்டியில் கடைசி மீனும் செத்துப்போனது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. 16,400 ரூபாய். கல்லுக்கு.

குன்னூரில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். உப்பிலிருந்து டெஸ்ட் கிட் வரை எல்லாம் மலைக்குக் கீழேயிருந்துதான் வர வேண்டும். என்னுடையது மூன்றடித் தொட்டி, சுமார் 190 லிட்டர், எட்டு மாதமாக ஓடுகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால். மார்கழியில்கூட தண்ணீரை 25 டிகிரியில் வைத்திருக்க இரண்டு ஹீட்டர். கரண்ட் பில்லுக்காக அம்மாவிடம் வாங்கும் திட்டு தனிக்கணக்கு. அடுத்து மென்பவளம் வைக்கலாம் என்று ஆசை. அதற்கு முன்னால் நல்ல லைவ் ராக் வேண்டும் என்றார்கள்.

பெயர்தான் லைவ் ராக், கல்லுக்கு உயிர் கிடையாது. செத்த பவளத்தின் சுண்ணாம்புக்கூடு அது. அதன் ஓட்டைகளில் குடியிருக்கும் பாக்டீரியா மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுக்கும். மேலே ஊதா நிறத்தில் கொரலின் பாசி படர்ந்திருக்கும். கல்லில் ஒட்டிக்கொண்டு வரும் கடற்பஞ்சும் மற்றதும் வழியிலேயே செத்து அழுகும் என்பதால், தனித்தொட்டியில் பல வாரம் ஊறவிட்டு அழுகல் தீர்ந்த பிறகுதான் மீன் இருக்கும் தொட்டியில் போட வேண்டும். இதற்கு 'க்யூர்' பண்ணுவது என்று பெயர். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் எரிகிறது.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தேன். கடலோர ஊர் ஒன்றில் வீட்டிலேயே மீன் வியாபாரம் செய்பவர். வீடியோ காலில் வந்தார். நீல விளக்கு எரியும் பெரிய தொட்டி. கையைவிட்டு ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினார். ஓட்டையிலிருந்து ஒரு குழாய்ப்புழு விசிறி மாதிரி விரிந்து, அவர் விரல் நெருங்கியதும் சட்டென்று உள்ளே போனது. அதைப் பார்த்ததும் பாதி விழுந்துவிட்டேன். மீதிப் பாதி அவர் சொன்ன ஒரு வார்த்தையில். "அவசரப்பட வேணாம் ப்ரோ. நாலு இடத்துல விசாரிச்சுட்டு வாங்க." ஏமாற்றுகிறவன் இப்படிச் சொல்வானா? சொல்வான்.

இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதி, பேப்பர் எல்லாம் பக்கா, ரெண்டு மாசம் க்யூர் பண்ணது, பிரிச்சதும் நேரா தொட்டியில போடலாம் என்றார். என் தொட்டிக்கு 18 கிலோ போதும் என்று கணக்கும் அவரே போட்டார். கிலோ 850, பார்சல் 1,100. ஜிபேயில் 16,400 அனுப்பிவிட்டு, கையெழுத்துப் போட்டுப் பட்டா வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் ஒரு கிலோ கல்லுக்கு எத்தனை கிலோ பச்சைத்தேயிலை பறிக்க வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். நான் எழுந்து போய்விட்டேன்.

பார்சல் மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் வந்தது. பைக்கில் போய் எடுத்துக்கொண்டு பர்லியாறு வழியாக ஏறும்போதே முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்றம். வீட்டில் பிரித்தால் ஈரப் பேப்பர் ஒரு கட்டு, அதற்குள் கல். அழுகிய முட்டை வாடை. போன் போட்டேன். "அது கடல் வாசனை ப்ரோ, மலையில இருக்கிற உங்களுக்குப் பழக்கமில்ல." அதையும் நம்பினேன்! கல்லை அடுக்கினேன்.

விடிந்தபோது இறால் கவிழ்ந்து கிடந்தது. அம்மோனியா கிட் கரும்பச்சை காட்டியது, அதாவது அம்மோனியா ஏகத்துக்கு. இருந்த உப்பையெல்லாம் கரைத்துப் பாதித் தண்ணீர் மாற்றினேன். எப்போதும் 8.2-இல் நிற்கும் பிஎச் (தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் அளவு) 8.8-க்கு ஏறியிருந்தது, அது ஏனென்றே புரியவில்லை. பிஎச் ஏற ஏற அதே அம்மோனியா இன்னும் பெரிய விஷமாகும். ஒரு மீன் அன்று சாயங்காலம், இன்னொன்று மூன்றாம் நாள்.

கல்லை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டினேன். நிஜக் கொரலின் பாசி சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி கெட்டியாக இருக்கும். இது தோல் மாதிரி உரிந்து வந்தது. பெயின்ட். பக்கத்து வீட்டு அண்ணன் கொத்தனார், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தம்பி, இது எம்-சாண்டும் சிமென்ட்டும். க்யூரிங்கே ஒழுங்கா பண்ணல" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தண்ணீர் காட்டாத பச்சை சிமென்ட்தான் பிஎச்சை ஏற்றியிருக்கிறது. 18 கிலோவில் மூன்றே துண்டு நிஜம். அதில் கடற்பஞ்சு கருப்பாக அழுகிக் கிடந்தது, நாற்றம் அதிலிருந்துதான்.

அப்புறம் ஆரம்பித்தது அவர் நாடகம். "உங்க ஊர் குளிர்ல செத்திருக்கும்." ஹீட்டரின் போட்டோ அனுப்பினேன். "மலையில ஆக்ஸிஜன் கம்மி." இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மைதான், அதற்காகத்தான் தண்ணீரைக் கலக்கிவிடும் பவர்ஹெட் மோட்டார் இரண்டு ஓட விட்டிருக்கிறேன். சரி, குளிரில் பாக்டீரியா செத்தது என்றே வைத்துக்கொள்வோம், பெயின்ட் உரியுமா? இதற்குப் பதில் இல்லை. அதுவரை 'ப்ரோ'வாக இருந்த நான் 'சார்' ஆனேன். மறுநாள் கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கம்ப்ளெயின்ட் குடுங்க சார். பவளக்கல்லு வீட்ல வச்சிருக்கீங்கன்னு உங்களத்தான் தூக்குவாங்க." பிறகு பிளாக்.

அப்போதுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். கல்பவளங்கள் எல்லாம் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலோ வேறெங்கோ நம் கடலில் பெயர்த்தெடுத்த துண்டாக இருந்தால் விற்றவருக்கும் குற்றம், வைத்திருப்பவனுக்கும் குற்றம். "பேப்பர் இருக்கு" என்ற வாயை நம்பினேனே தவிர, பேப்பரைக் காட்டு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது என் தப்பு. அந்த மூன்று துண்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு வனத்துறை அலுவலகத்துக்கு நானே போகப்போகிறேன். என்ன சொல்வார்களோ.

செயலிக்காரர்கள், "நாங்கள் விளம்பரம் மட்டுமே காட்டுகிறோம்" என்று ஒரு வரி. வங்கியில், நீங்களாகவே அனுப்பிய பணம்தானே என்றார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசினேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். 16,400 ரூபாய்க்கு இப்போதைக்கு என் கையில் இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

கல் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இதற்குமேல் பொறுமை இல்லை. நீல விளக்கில் எதையும் வாங்காதீர்கள், வெள்ளை விளக்கில் காட்டச் சொல்லுங்கள். நல்ல கல் அளவைப் பார்த்தால் கனமாகத் தெரியும், தூக்கினால் லேசாக இருக்கும். கிலோ கணக்கில் விற்பவருக்கு அது பிடிக்காது. அழுகல் வாடை அடித்தால், விற்றவர் என்ன சொன்னாலும் மீன் இருக்கும் தொட்டியில் போடாதீர்கள். பேசாமல் பவளமே இல்லாத செராமிக் கல்லை வாங்கி, பாட்டில் பாக்டீரியா ஊற்றி, இரண்டு மாதம் காத்திருங்கள். நானும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

இன்று காலை தம்பியின் போனில் அந்த ஆளுடைய ஸ்டேட்டஸ் பார்த்தேன். அதே தொட்டி, அதே நீல விளக்கு, 'நியூ ஸ்டாக்' என்று போட்டிருக்கிறார். அந்தக் குழாய்ப்புழுவும் இருக்கிறது.