மவுண்டன் பைக்குக்கு ரோடு டயர்: ஒல்லியானதை வாங்காதீர்கள்

மவுண்டன் பைக்கில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது டயரைத்தான். கியர், ஃபோர்க் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மண்ணைக் கவ்வ ரப்பர் முண்டுகள் புடைத்திருக்கும் பட்டன் டயர் தார்ச்சாலையில் உருளும்போது ஒவ்வொரு பட்டனும் நசுங்கி, நெளிந்து, மறுபடி நிமிர்கிறது. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த நெளிவிலேயே சூடாகிப் போய்விடுகிறது. கூடவே வரும் ரீங்காரமும் அந்தப் பட்டன்களால்தான். வளைவில் சாய்க்கும்போது ஓரத்துப் பட்டன்கள் மடங்கி, பிடி சட்டென்று விட்டுப்போவதும் உண்டு.

சரி, ரோடு டயர் போடலாம் என்று முடிவெடுத்தவர்களில் பலர், கிடைப்பதிலேயே ஒல்லியானதைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். 26 அங்குல பைக்கில் 2.1 அங்குல அகலப் பட்டன் டயரைக் கழற்றிவிட்டு ஏறக்குறைய அதே பருமனில் 2.0 ஸ்லிக் (பட்டன் இல்லாத மொழுக்கை டயர்) போட்டாலே வித்தியாசத்தில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். அதற்கும் கீழே 1.25 வரை போனால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம். குழியில் இறங்கினால் ரிம் நேராக அடி வாங்கும். அதைத் தவிர்க்கக் காற்றழுத்தத்தை 60, 70 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் அழுத்த அளவு) என்று ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் மணிக்கட்டு வலிக்கும். சக்கரத்தின் விட்டம் குறைவதால் பெடலும் தரைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நெருங்கிவிடும், திருப்பத்தில் மிதித்தால் உரசும். அன்றாடப் போக்குவரத்துக்கு 1.75 முதல் 2.0 வரை போதும். சாலை நன்றாக இருந்து, தூரமும் அதிகமென்றால் 1.5. அதற்குக் கீழே மவுண்டன் பைக்குக்கு வேண்டியதில்லை.

வாங்கும்முன் பழைய டயரின் பக்கவாட்டில் 54-559 போல அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. அங்குலக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்: 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதிய டயர் 590, அது 559 ரிம்மில் நிற்கவே நிற்காது. 29-க்காரர்களுக்கு ஒரு வசதி, சாலை சைக்கிள்களுக்கான 700சி டயர்களும் 622-தான் என்பதால் தேர்வு ஏராளம். ரிம்மின் உள் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 19–21 மி.மீ. என்றால் 1.5 தாராளமாகப் பொருந்தும். புதிய பைக்குகளில் வரும் 30 மி.மீ. ரிம்மில் 2.0-க்குக் கீழே இறங்க வேண்டாம். டயர் தட்டையாக விரிந்து, ரிம் ஓரத்துக்குப் பாதுகாப்பே இல்லாமல் போகும்.

அடுத்தது பஞ்சர் தடுப்பு. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் தரைபடும் பகுதிக்கு உள்ளே 5 மி.மீ. தடிமனில் ரப்பர் பட்டை இருக்கிறது. முள், கண்ணாடிச் சில்லு மிகுந்த பாதைக்கு இந்த வகையை மிஞ்ச ஆளில்லை. விலையாகக் கொடுப்பது எடையும் உருட்டலில் ஒரு மந்தமும். அதே நிறுவனத்தின் கோஜாக் முழு மொழுக்கை, இலேசாக ஓடும். பிக் ஆப்பிள் பருத்த பலூன் வகை, சஸ்பென்ஷன் இல்லாத பைக்குக்கு அருமையான ஜோடி. நடுவில் மொழுக்கையும் ஓரத்தில் பட்டனும் உள்ள அரை ஸ்லிக், பாதி வழி மண் பாதையாக இருப்பவர்களுக்கு மட்டும். தார்ச்சாலையில் நன்றாகச் சாய்த்தால் மொழுக்கையிலிருந்து பட்டனுக்கு மாறும் இடத்தில் பிடி மாறுவது தெரியும்.

மழையில் ஸ்லிக் வழுக்கும் என்ற பயம் காரிலிருந்து வந்தது. சைக்கிள் டயர் தரையைத் தொடும் இடம் சிறியது, வளைவானது. நாம் போகும் வேகத்தில் தண்ணீரைத் தானே ஒதுக்கிவிடும். வழுக்குவது சாலையில் அடித்த பெயின்ட் கோடு, சாக்கடை இரும்பு மூடி, முதல் மழையில் மிதந்துவரும் எண்ணெய்ப் பிசுக்கு. அங்கே பட்டனும் காப்பாற்றாது. சேற்றில் மட்டும் ஸ்லிக் உதவாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காற்று: பையோடு சேர்த்து 75 கிலோ அளவுள்ளவர் 2.0 டயரில் முன்னே 35, பின்னே 42 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். 1.75-இல் 42, 50. 1.5-இல் 50, 60. டயரில் அச்சிட்ட உச்ச அளவு தாண்டக்கூடாத எல்லை; அங்கேயே ஓட்டச் சொல்லி யாரும் எழுதவில்லை. டியூப் தானாகவே காற்றை விடும் என்பதால் வாரம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் 30-க்கும் 45-க்கும் வித்தியாசம் தெரியாது.

தடித்த பட்டை உள்ள டயரை மாட்டுவது மல்யுத்தம்தான். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் ஏற மறுத்தால் டயரை நெம்பும் லீவரைத் தேடாதீர்கள். ஏற்கெனவே உள்ளே போன விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் சுற்றிலும் தள்ளிக்கொண்டே வந்தால் தளர்வு கிடைக்கும். லீவரால் நெம்பினால் புது டியூப் அங்கேயே கிள்ளுப்படும். ஏறியதும் வால்வை உள்ளே ஒருமுறை தள்ளி இழுத்து, 10 பிஎஸ்ஐ மட்டும் அடித்து, ரிம்மை ஒட்டிய மெல்லிய கோடு இருபுறமும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் அங்கே டயர் சரியாக உட்காரவில்லை. பழைய 2.1 டியூப்பை 1.5 டயருக்குள் திணிக்கவும் கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் நாளடைவில் பிளக்கும்.

நாள்பட ஓடும்போது பின் டயர்தான் முதலில் தேயும், எடை அதில்தான் அதிகம். நடுப்பகுதி தட்டையாகி இருபுறமும் மேடு கட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போது முன் டயரைப் பின்னே போட்டு, புதியதை முன்னே போடுங்கள். முன் டயர் வழுக்கினால் சமாளிக்க வழி கிடையாது. தேய்வதற்குள் பஞ்சர் தடுப்புப் பட்டைக்கு வேலை வைப்பது சில்லுகளும் கம்பிகளும். லாரி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் கிடக்கும் மயிரிழைக் கம்பி வெளியே கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சரானால் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே வாருங்கள், கம்பி நூலைப் பிடித்து நிறுத்தும்.

வேகமும் தூரமும் காட்டும் மீட்டர் பொருத்தியிருந்தால் அதில் பதிந்துள்ள சக்கரச் சுற்றளவையும் மாற்றுங்கள். 26 × 2.1-க்கு 2068 மி.மீ., 26 × 1.75-க்கு 2023. மாற்றாவிட்டால் இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டும், புது டயரின் பெருமையில் அதையும் சேர்த்துக்கொள்வோம்.