ஆளைக் கூட்டினால் நாள் குறையுமா? மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் போடும் கணக்கு

கட்டட வேலைக்குத் திட்டம் போடுகிற நான் தினமும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் இது. டெஸ்க்டாப் பதிப்பைப் பற்றித்தான் சொல்கிறேன். கணக்கு சுத்தமானது, நம்பலாம். ஆனால் அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரியாமல் தேதியைத் தட்டுகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் "தானா மாறிடுச்சு" என்று புலம்புவார்கள்.

அடிப்படை ஒரே சூத்திரம்: வேலை மணிநேரம் = கால அளவு × ஆளின் சதவீதம். ஒருவர் முழு நேரம் 5 நாள் என்றால் 40 மணி. இதில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறியே ஆக வேண்டும், எது மாறும் என்பதை டாஸ்க் டைப் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. மாற்றாமல் விட்டால் ஃபிக்ஸ்டு யூனிட்ஸ், அதாவது ஆளின் சதவீதத்தை நிலையாக வைக்கும் வகைதான் இருக்கும்.

இப்போது அதே டாஸ்க்கில் இரண்டாவது ஆளைச் சேர்க்கிறீர்கள். எஃபர்ட் டிரிவன் (மொத்த வேலை மணியை மாற்றாமல் ஆட்களுக்குப் பங்கிடும் வசதி) டிக் செய்திருந்தால் 40 மணி இருவருக்கும் பிரிந்து இரண்டரை நாளில் முடியும். டிக் இல்லையென்றால் நாள் 5 ஆகவே நிற்கும், வேலை 80 மணியாகிவிடும். 2010 பதிப்பிலிருந்து அந்த டிக் இல்லாமல்தான் வருகிறது, எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது, ஏனென்றால் கொத்தனாரைக் கூட்டினால் செங்கல் கட்டு சீக்கிரம் முடியும், ஆய்வு மீட்டிங்குக்கு இரண்டு பேர் போனால் மீட்டிங் பாதியாகுமா என்ன? இன்னொன்று, முதல் முறையிலேயே இருவரையும் சேர்த்துப் போட்டால் டிக் இருந்தாலும் பிரியாது, 80 மணிதான். பிற்பாடு சேர்க்கும் ஆளுக்குத்தான் அந்தப் பங்கீடு.

நாள் என்பதற்கு அது 8 மணி என்று வைத்துக்கொள்கிறது. உங்கள் காலண்டரை 9 மணி நேரமாக மாற்றிவிட்டு ஆப்ஷன்ஸில் இருக்கும் 'ஒரு நாளுக்கு எத்தனை மணி' என்பதை 8 ஆகவே விட்டால், திங்கள் காலை தொடங்கும் 5 நாள் வேலை வெள்ளி மத்தியானமே முடிந்ததாகக் காட்டும். இரண்டும் தனித்தனி இடம், இரண்டையும் மாற்ற வேண்டும். காங்கிரீட் க்யூரிங்குக்கு (ஊற்றிய காங்கிரீட் இறுகும் காலம்) எலாப்ஸ்டு டேஸ், அதாவது இரவும் விடுமுறையும் சேர்ந்த முழு நாள் கணக்கு கொடுங்கள், காங்கிரீட்டுக்கு ஞாயிறு கிடையாது. வியாழன் தொடங்கும் 7 நாளைச் சாதாரண நாளாகப் போட்டால் சனி, ஞாயிறைத் தள்ளி மறு வெள்ளி வரை இழுக்கும், எலாப்ஸ்டு என்றால் மறு வியாழனிலேயே முடியும்.

ஆள் சுமை காட்டுவதில் கொஞ்சம் கறார். ஒரே இன்ஜினியருக்குக் காலை 8 மணிக்கே ஒரு மணி நேர வேலை இரண்டைப் போட்டால், மீதி நாள் முழுக்கச் சும்மா இருந்தாலும், ஆள் பட்டியலான ரிசோர்ஸ் ஷீட்டில் அவர் பெயர் சிவப்பாகிவிடும். அதைப் பார்த்துப் பதறி உடனே சுமையைச் சரிசெய்யும் லெவல் ஆல் பொத்தானை அழுத்தாதீர்கள். லெவலிங் வேறு ஆளைத் தேடிக் கொடுக்காது, வேலையைத் தள்ளிப்போடும் அல்லது துண்டாக்கும், அவ்வளவுதான். தள்ளக்கூடாத வேலை இருந்தால் அதன் பிரையாரிட்டியை 1000 ஆக்கிவிடுங்கள், தொடாது.

பிடிக்காத விஷயம் ஒன்று: புது டாஸ்க்குகள் தேதியை நாமே போட வேண்டிய மேனுவல் ஷெட்யூலில்தான் வருகின்றன. முந்தைய வேலை தள்ளினாலும் தேதி நின்ற இடத்திலேயே நிற்கும். கணக்குப் போடத்தானே இதை வாங்குகிறோம்? முதல் வேலையாக ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

வெறும் தேதிப் பட்டியல்தான் வேண்டுமென்றால் எக்செல் போதும். நாலு சைட்டுக்கு அதே ஆட்களைப் பங்கு போடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.