புதிரைப் பேசி அவிழ்ப்பதா, எழுதி அவிழ்ப்பதா?

நான்கு நாள் வெளியூர் போயிருந்த பெண் வீடு திரும்புகிறாள். ஒரு நாணயத்தைப் பார்க்கிறாள். உடனே வீட்டிலிருந்த மீன் முழுவதையும் எடுத்துக் குப்பையில் கொட்டுகிறாள். ஏன்?

இந்தப் புதிரை இரண்டு குழுக்களுக்குப் போட்டேன். ஒரு குழு கூகுள் மீட்டில் கூடிய ஏழு பேர். இன்னொன்று பதினெட்டுப் பேர் இருக்கும் வாட்ஸாப் குழு. இரண்டிலும் விடை வந்தது, ஆனால் வந்த விதம் ஒன்றல்ல. சேர்ந்து புதிர் அவிழ்க்க ஒரு குழு தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் விடுகதையில் துப்பு முழுவதும் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும். தொல்காப்பியம் ‘பிசி’ என்று சொல்லும் காலத்திலிருந்தே அதன் சுவை அதுதான்: சொன்னதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். நான் போட்டது லேட்டரல் திங்கிங் (நேர்வழியில் போகாமல் பக்கவாட்டில் யோசிப்பது) வகைப் புதிர். அதில் முக்கால்வாசிக் கதை சொல்லப்படுவதே இல்லை. புதிர் போட்டவர் ‘ஆம்’, ‘இல்லை’, ‘தொடர்பில்லை’ என்ற மூன்று பதில்கள் மட்டுமே சொல்வார். மற்றவர்கள் கேட்டுக் கேட்டு மறைந்த கதையை வெளியே எடுக்க வேண்டும். லேட்டரல் திங்கிங் என்ற சொல்லை 1967இல் கொண்டுவந்தவர் எழுத்தாளர் எட்வர்ட் டி போனோ. சீனாவிலும் ஜப்பானிலும் இந்த ஆட்டத்துக்கு ‘கடலாமை சூப்’ என்றே பெயர், அங்கே பிரபலமான ஒரு புதிரிலிருந்து வந்தது. சீனர்கள் புதிரை ‘சூப்பின் மேல்பரப்பு’ என்றும் விடையை ‘சூப்பின் அடி’ என்றும் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல்லாட்சி அது. கரண்டி போட்டுக் கிளறினால்தான் அடியில் இருப்பது மேலே வரும்.

மீட் அழைப்பில் 22 நிமிடத்தில் முடிந்துவிட்டது. உற்சாகத்துக்குக் குறைவில்லை. யாரோ ஒருவர் “அது செல்லாத காசா?” என்று தொடங்கினார். இல்லை என்றேன். “திருடன் விட்டுப்போன காசா?” இல்லை. “விஷம் வைத்துவிட்டுப் போனதற்கு அடையாளமா?” இல்லை. முதல் கேள்வி திறந்த பாதையிலேயே பத்து நிமிடம் எல்லோரும் ஓடினார்கள். கடைசியில் இருவர் மாறி மாறிக் கேட்டு அவிழ்த்தார்கள், மற்ற ஐவரும் கைதட்டினார்கள். அழைப்பு முடிந்த பிறகு, அதில் இருந்த ஓர் அக்கா எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார்: “கரண்ட் போயிருக்குமோன்னு எனக்கு மொதல்லயே தோணுச்சு தம்பி. ஆனா நடுவுல பூந்து கேக்க எடம் கெடைக்கல. அப்புறம் அதை மறந்தே போயிட்டேன்.”

இது அந்த அக்காவின் கூச்சத்தால் மட்டும் நடந்ததல்ல. டீல், ஷ்ட்ரோபே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சேர்ந்து உட்கார்ந்து யோசனை சொல்லும் குழுவைவிட, அதே அளவு ஆட்கள் தனித்தனியாக யோசித்து எழுதியதைச் சேர்த்தால் அதிக யோசனைகள் கிடைக்கின்றன. முக்கியக் காரணமாக அவர்கள் கண்டது, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது. காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை நழுவிவிடுகிறது. இந்த வகைப் புதிருக்கு இது பெரிய இழப்பு. ஒவ்வொன்றும் மிச்சத்தைப் பாதியாக்கும்படி இருபது ஆம்-இல்லை கேள்விகள் கேட்டால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம் (சரியாகச் சொன்னால் 10,48,576). ஆகவே கேள்விகளின் எண்ணிக்கை இங்கே தடையில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றாத அந்த ஒரு கேள்விதான் தடை. அது பெரும்பாலும் பேசாமல் இருப்பவரிடம்தான் இருக்கிறது.

வாட்ஸாப் குழுவில் வெள்ளி இரவு போட்ட புதிர் ஞாயிறு விடியற்காலைதான் அவிழ்ந்தது. 61 கேள்விகள். சென்னையில் இரவு 9 மணி என்றால் சிங்கப்பூரில் 11.30, கோடையில் டொரன்டோவில் காலை 11.30. எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைப்பில் உட்கார வைப்பது ஒருவரின் தூக்கத்தையோ வேலையையோ கெடுக்கும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. டொரன்டோ நண்பர் எங்கள் நள்ளிரவில் நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் போவார், காலையில் எழுந்து பதில் போடுவேன்.

அவிழ்த்தவர் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவர் கேட்டவை மொத்தம் மூன்றே கேள்விகள். மற்றவர்கள் கேட்டதையெல்லாம் மேலிருந்து கீழே படித்திருக்கிறார். 14ஆவது கேள்வி, “நாணயத்தை யாராவது நகர்த்தினார்களா?” பதில் ‘இல்லை’. 47ஆவது கேள்வி, “அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே நாணயம் இருந்ததா?” அதற்கும் ‘இல்லை’. இரண்டு பதில்களுக்கும் நடுவே முப்பதுக்கு மேற்பட்ட கேள்விகள், ஒரு நாள் இடைவெளி, இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகள். ஞாயிறு காலை 4.50க்கு அந்த இரண்டையும் மேற்கோள் காட்டி, “யாரும் தொடாத காசு தானாக எப்படி நகரும்?” என்று எழுதினார். அதற்கு அடுத்த கேள்வி, “காசு தண்ணீரில் இருந்ததா?”

பேச்சில் இது நடந்திருக்காது. பேசியது காற்றோடு போய்விடும், முப்பது கேள்விக்கு முன் வந்த பதிலை யாரும் எடுத்து இதன் பக்கத்தில் வைக்க முடியாது. புதிரை மனதில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதற்கும் பலன் உண்டு. இடைவெளி விட்டுத் திரும்பி வருவது தீர்வு காண உதவுகிறது என்பதை, பல ஆய்வுகளைத் திரட்டி அலசிய 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உறுதிசெய்தது. அழைப்பில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை. ஜூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்திலும் மீட்டின் இலவசக் கூட்டம் 60 நிமிடத்திலும் முடிந்துவிடும். அந்தக் கெடு தெரிந்தாலே ஆட்கள் அவசரப்படுகிறார்கள், நானும் துப்பைத் தாராளமாகக் கொட்டிவிடுகிறேன்.

எழுத்துக்கும் குறைகள் உண்டு. கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். வெள்ளி இரவு கொதித்த ஆர்வம் சனி மதியம் ஆறிப்போகும். பழைய புதிர் என்றால் யாராவது இணையத்தில் தேடிவிடுவார்கள். பத்தாவது மாடியில் குடியிருந்தும் ஏழாவது மாடியிலேயே லிஃப்டை விட்டு இறங்கும் குள்ள மனிதரின் கதையை இனி எழுத்துக் குழுவில் போடவே முடியாது. சொந்தமாகப் புனைந்ததைத்தான் போட வேண்டும். விடையைச் சட்டென்று உடைப்பவர்களும் உண்டு. டெலிகிராம், டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலிகளில் எழுதியதை மறைத்து வைத்து, தொட்டால் மட்டும் தெரியும்படி செய்யலாம். ஒரு புதிருக்கு ஒரு தனி உரையாடல் இழை (த்ரெட்) வைக்கும் வசதி டிஸ்கார்டில் இருக்கிறது. வசதியை மட்டும் பார்த்தால் டிஸ்கார்டே சிறந்தது. ஆனால் டீச்சரைப் போன்றவர்கள் அதை நிறுவப்போவதில்லை. அவர்கள் இல்லாத குழு எனக்கு வேண்டாம்.

முறை வைத்துக் கேட்பதா, தோன்றியவர் கேட்பதா என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பில் முறை வைத்தே ஆக வேண்டும், அப்போதுதான் அந்த அக்காவுக்கு இடம் கிடைக்கும். எழுத்தில் முறை வைத்தால் குழு செத்துவிடும்.

எந்த வழியானாலும் ஆட்டத்தைக் காப்பதும் கெடுப்பதும் புதிர் போட்டவரின் பதில்தான். வாட்ஸாப்பில் ஒருவர் “அவள் சென்னையிலா இருக்கிறாள்?” என்று கேட்டார். ‘தொடர்பில்லை’ என்று போட்டேன். விடைக்கு ஊர் தேவையில்லைதான், ஆனால் அவர் புயலை நினைத்துக் கேட்டிருக்கிறார். என் பதிலால் அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஆறு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வாட்ஸாப்பில் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், ஆனால் படித்துவிட்டவர்களுக்கு அந்தத் திருத்தம் கண்ணில் படாது. பழைய பதிலை அப்படியே விட்டு, அதை மேற்கோள் காட்டிப் புதிதாக “ஊர் முக்கியமில்லை, ஆனால் இந்தத் திசையில் யோசிக்கலாம்” என்று எழுதினேன். பேச்சில் இதே தவறு நடந்திருந்தால் எனக்கே நினைவிருக்காது.

ஐந்தாறு நெருங்கிய நண்பர்கள், ஒரே ஊர், ஒரு மாலைப்பொழுது என்றால் பேசியே அவிழ்க்கலாம். அந்தச் சிரிப்பு எழுத்தில் வராது. அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் எழுத்துத்தான். நாங்கள் இப்போது இரண்டையும் சேர்த்துக்கொள்கிறோம். வெள்ளி முதல் ஞாயிறு வரை எழுத்து, ஞாயிறு இரவு அரை மணி நேரம் மட்டும் அழைப்பு.

நாணயப் புதிருக்காக வாட்ஸாப் குழு ஞாயிறு இரவு கூடிய அழைப்பில் விடையை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. டீச்சர் கேமராவுக்கு முன்னால் ஓர் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே உறைந்த தண்ணீர், அதன்மேல் ஐந்து ரூபாய்க் காசு. “ஊருக்குப் போறப்ப இதை ஃப்ரீசர்ல வச்சுட்டுப் போகணும். திரும்பி வர்றப்ப காசு மேலயே இருந்தா கரண்ட் ரொம்ப நேரம் போகலைன்னு அர்த்தம். அடியில கிடந்தா, ஐஸ் உருகி மறுபடி உறைஞ்சிருக்கு, மீனும் கெட்டிருக்கும்” என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தவர் அந்த அழைப்பில் ஒருவர் இருந்தார். அவர் அந்த டம்ளரை இன்னொரு முறை காட்டச் சொன்னார்.