குழுவுக்கு ஒரு கேள்வியா, வகுப்புக்கே ஒரு கேள்வியா?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இரண்டு விதமாகவும் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டேன். போன வருடம் ஐந்து பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு கேள்வி. இந்த வருடம் பிள்ளைகளே கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்த ஒரே கேள்வி: காரைக்குடியைச் சுற்றி நம் ஊர்களில் எல்லாம் ஒரே அளவா மழை பெய்கிறது? நான் இரண்டாவது கட்சி.

குழுவாகப் பிரித்தால் உற்சாகம் அதிகம், அது தெரிந்ததுதான். ஆத்தங்குடி டைல்ஸ் ஏன் இவ்வளவு வழவழப்பு என்று ஒரு குழு கிளம்பியது. கண்ணாடி மேல் வைத்து வார்க்கிறோம், அதனால்தான் என்று பட்டறையில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

ஆனால் என்னைக் கட்சி மாற வைத்தது நோட்டுதான். ஊருணி நீர்மட்டம் அளந்த குழுவின் நோட்டில் பதினெட்டு நாள் அளவும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது, ஆனால் எதை வைத்துக் கேட்பது? அந்த ஊருணியை வேறு யாரும் அளக்கவில்லையே.

இப்போது வீட்டுக்கு ஒரு மழைமானி. பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனல் மாதிரி கவிழ்த்துச் செருகினால் போதும். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால், பாட்டில் நேராகிற இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கேதான் பூஜ்யம் போட வேண்டும் (பாதிப் பேர் முதல் வாரம் இதைக் கோட்டைவிட்டார்கள்). வானிலைத் துறை அளக்கிற அதே காலை 8.30-க்கு எல்லாரும் பார்த்துக் குறிக்கிறார்கள். ஒருநாள் ஒரு பையன் 12 மி.மீ. என்று எழுதிவந்தான், அதே தெருவில் மற்ற மூன்று வீட்டிலும் சொட்டுகூட இல்லை. நான் வாயே திறக்கவில்லை, பிள்ளைகளே அவனைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால் அவன் பொய் எழுதவில்லை, அவன் அம்மா செடிக்கு ஹோஸில் தண்ணீர் அடித்திருக்கிறார்! அன்றைக்கே பாட்டில் மொட்டைமாடிக்குப் போனது.

அப்புறம் கேள்வி தானாக வளர்ந்தது. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர், எங்கள் ஆயா வீட்டு முற்றம் 20 சதுர மீட்டர், 30 மி.மீ. பெய்தால் 600 லிட்டர் என்று ஒருத்தி கணக்குப் போட்டாள். "ஓட்டுத் தண்ணியும் முற்றத்துக்குத்தானே இறங்குது, அதை விட்டுட்டியே" என்றான் பின்பெஞ்சுக்காரன். சனிக்கிழமை டேப்போடு போய்விட்டார்கள்.

போட்டிக்கு அனுப்புவதானால் குழு முறைதான் சரி. 1993-லிருந்து நடக்கிற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குச் சின்னக் குழுவாகத்தான் போக முடியும், முழு வகுப்பையும் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் நான் இதைச் செய்து பார்த்ததில்லை, அடுத்த வருடப் பிளஸ் டூ பொதுத்தேர்வுப் பயத்தில் தினம் 8.30-க்கு மாடி ஏறுவார்களா என்பது சந்தேகம்தான்.