சின்ன உப்புநீர்த் தொட்டிக்கு எந்த நத்தை, எந்த நண்டு? என் நீண்டநாள் அனுபவம்

என்னுடையது 60 லிட்டர் உப்புநீர்த் தொட்டி. ஒரு ஜோடி க்ளவுன் மீன், சில மென்பவளங்கள், கொஞ்சம் லைவ் ராக் (நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கல்), அடியில் மெல்லிய மணல். பாசி தின்னவும் மிச்சத் தீனியைக் காலி செய்யவும் இத்தனை வருடங்களில் இதற்குள் வைத்துப் பார்த்த உயிரினங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘க்ளீனப் க்ரூ’ என்று நத்தையும் நண்டுமாகச் சேர்த்து மொத்தமாக விற்பார்கள். அதை அப்படியே வாங்கிப் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சின்னத் தொட்டியில் பாசி சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் இவை பட்டினி கிடந்து சாகும். அதனால் எது என்ன தின்னும், அது தீர்ந்தபின் எதைத் தின்னும் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பார்த்துத்தான் நான் எடுக்கிறேன்.

தொட்டி புதிது என்றால் முதலில் மணலிலும் கல்லிலும் பழுப்புத் தூசி மாதிரி ஒன்று படியும். அது டயட்டம் என்ற நுண்பாசி. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அதைப் பார்த்துப் பதறி ஒரு டஜன் நத்தை வாங்கினால், அது போனபின் அவற்றுக்குச் சாப்பாடு இருக்காது. கண்ணாடியில் பச்சைப் படலம் பிடிக்க ஆரம்பித்த பிறகு முதல் நத்தையை விட்டால் போதும்.

அந்த முதல் நத்தை ட்ரோகஸாக இருக்கட்டும். கூம்பு வடிவ ஓடு, லேசான பட்டைகள். பச்சை பிடித்த கண்ணாடியில் அது மேய்ந்துபோன தடத்தை வெளிச்சத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, சின்னச் சின்னச் சுரண்டல்களாக ஒரு பாதை தெரியும். நாக்கில் இருக்கும் நுண்ணிய பல்வரிசையால் சுரண்டிய அடையாளம் அது. எனக்கு இதைப் பிடிக்க இன்னொரு காரணம், மணலில் மல்லாந்து விழுந்தாலும் காலை நீட்டி எக்கித் தானே புரண்டுவிடும். ஏறக்குறைய இதே தோற்றத்தில் விற்கப்படும் அஸ்ட்ரேயா நத்தைக்குப் பெரும்பாலும் அது முடியாது. விழுந்தால் நாம்தான் நிமிர்த்த வேண்டும். வெளியூர் போன நேரத்தில் விழுந்தால் அதோடு சரி. நல்லபடியாக இருந்தால் ட்ரோகஸ் தொட்டிக்குள்ளேயே இனம் பெருக்குவதும் உண்டு. என் தொட்டியின் பின்கண்ணாடியில் குண்டூசித் தலை அளவில் ஓடுகள் ஊர்வதைப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது தேர்வு செரித். நீளமாக, கூராக இருக்கும். ராத்திரியில்தான் அதிகம் வேலை செய்யும், ட்ரோகஸ் போகாத மணலுக்குள்ளும் கல் இடுக்கிலும் நுழையும். கண்ணாடியில் வெள்ளையாக, வளைந்து நெளிந்து முட்டைக் கோடு போட்டு வைக்கும். அதனால் தொட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

நசேரியஸ் நத்தையைப் பாசிக்காக வாங்காதீர்கள், அது பாசியைத் தொடாது. நாள் முழுக்க மணலில் புதைந்து கிடக்கும். மூச்சுக்குழல் மட்டும் யானைத் துதிக்கை மாதிரி வெளியே நீண்டு நீரை முகர்ந்துகொண்டிருக்கும். தீனி போட்ட சில நொடிகளில் மணல் பிளந்து ஆள் வெளியே வந்துவிடும், நத்தைக்கு இவ்வளவு வேகமா என்று தோன்றும். மீனுக்கு இறைச்சித் தீனி போடுகிறவர்களுக்கு இது நல்ல துணை. இந்த அளவுத் தொட்டிக்கு ஒன்றே போதும்.

காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டு பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. நான் இப்போது வைப்பதில்லை. வளர வளர அதற்குப் பெரிய ஓடு தேவைப்படும். கிடைக்காவிட்டால் உயிருள்ள நத்தையையே கொன்று அதன் ஓட்டை எடுத்துக்கொள்ளும். காலி ஓடுகளைப் பல அளவில் போட்டு வைத்தாலும் சில நண்டுகளுக்குப் பக்கத்து நத்தையின் ஓடுதான் பிடிக்கும். கட்டாயம் வேண்டும் என்றால் சிவப்புக்கால் ஸ்கார்லெட் ஹெர்மிட் ஒன்று வையுங்கள், நீலக்கால் நண்டைவிடச் சாது. ஒருநாள் காலையில் முழு நண்டு செத்துக் கிடக்கிற மாதிரி தெரிந்தால் உடனே முடிவுகட்ட வேண்டாம், தோல் உரித்துப் போட்டதாக இருக்கலாம்.

டர்போ நத்தை முடிப்பாசியை வெளுத்துக்கட்டும், உண்மைதான். ஆனால் உருவம் பெரிது. ஒட்டாத பவளத் துண்டுகளையெல்லாம் தள்ளிவிடும், சீக்கிரமே பட்டினியும் கிடக்கும். மணல் சலிக்கும் நட்சத்திர மீன், கடல்முயல் (பாசி தின்னும் ஒருவகைக் கடல் நத்தை) இரண்டும் இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். எமரால்டு நண்டைக் குமிழ்ப் பாசி வந்தால் மட்டும், பெப்பர்மின்ட் இறாலை ஐப்டேசியா (தொல்லை தரும் சின்னக் கடல் அனிமோன்) வந்தால் மட்டும் யோசியுங்கள். இறால் வாங்கும்போது உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தால் அது கேமல் இறால், பவளத்தைக் கடிக்கும்.

காசு கொடுக்காமல் லைவ் ராக்கோடு வந்து சேர்பவர்களும் உண்டு. கோபிபாட், ஆம்பிபாட் என்ற இறால் இனத்துப் பொடி உயிரினங்கள், முள்முள்ளாக இருக்கும் பிரிஸ்டில் புழு, தட்டை ஓட்டு ஸ்டொமடெல்லா நத்தை. விளக்கணைத்த பிறகு சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரியும். பிரிஸ்டில் புழுவைப் பார்த்ததும் பிடித்துப் போடுவது வழக்கமாக இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. மிச்சத் தீனி அழுகாமல் பார்த்துக்கொள்வதில் அதற்கு ஈடில்லை. வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், முள் குத்தும்.

எதை வாங்கினாலும் நத்தைக்கு உப்பளவு திடீரென்று மாறக்கூடாது. என் தொட்டி 1.025 அடர்த்தியில் இருக்கிறது, புது நத்தையைச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு ஒரு மணி நேரமாவது பழக்கித்தான் உள்ளே விடுவேன். தாமிரம் கலந்த மீன் மருந்து தொட்டிக்குள் போகவே கூடாது, முதுகெலும்பில்லாதவை எல்லாம் போய்விடும். இறந்த நத்தையை அன்றே எடுத்துவிடுங்கள், இவ்வளவு குறைந்த நீரில் அம்மோனியா சட்டென்று ஏறும். சிவப்பு வழவழப்பாகச் சயனோ என்ற பாக்டீரியா படர்ந்தால் அதற்கென்று நத்தை தேடி அலைய வேண்டாம். இவற்றில் எதுவும் அதைச் சரியாகத் தின்னாது. தீனியைக் குறைத்து, நீர் மாற்றி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கவனிக்க வேண்டியதுதான்.

இப்போது என்னிடம் இருப்பது ட்ரோகஸ் இரண்டு, செரித் இரண்டு, நசேரியஸ் ஒன்று. ட்ரோகஸ் குட்டிகள் பெரிதானதும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். முன்கண்ணாடியை மட்டும் காந்தத் துடைப்பானால் நானே துடைக்கிறேன். பின்னாலும் பக்கத்திலும் பிடிக்கும் பாசி அவற்றின் சாப்பாடு, அதில் கை வைப்பதில்லை. அதுவும் தீர்ந்துபோகிற மாதிரி இருந்தால், மசாலா சேர்க்காத நோரி கடற்பாசித் தாளில் ஒரு துண்டைக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறேன், மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுகிறேன்.