குவோ வாடிஸ்: ஹாலிவுட்டா, போலந்தா?

தவக்காலத்தில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு ‘குவோ வாடிஸ்’ படம் தேவைப்பட்டது. ஹாலிவுட், போலந்து இரண்டையும் முன்பே பார்த்திருந்ததால் தயங்காமல் 2001இல் வந்த போலந்துப் படத்தைப் போட்டேன். புகழ்பெற்ற 1951 ஹாலிவுட் படம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டார்கள். காரணம் இருக்கிறது.

மூலக்கதை ஒன்றுதான். போலந்து எழுத்தாளர் ஹென்ரிக் ஷென்கியேவிச் 1896இல் நூலாக வெளியிட்ட நாவல். நீரோ காலத்து ரோம், படைத்தலைவன் வினீசியஸ், அவன் காதலிக்கும் கிறிஸ்தவப் பெண் லிஜியா, நகரை விழுங்கிய தீ, பழி சுமந்த கிறிஸ்தவர்கள். இரண்டு படங்களும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும்.

பிரம்மாண்டம்தான் வேண்டும் என்றால் மெர்வின் லிராயின் 1951 படத்தையே பாருங்கள். ரோமின் சினசித்தா ஸ்டுடியோவில் எடுத்தது, மிக்லோஷ் ரோஷாவின் இசை வேறு. நீரோவாக பீட்டர் உஸ்தினோவ், நீரோவின் அரசவையில் இருக்கும் பெட்ரோனியஸாக லியோ ஜென், இருவருமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். உஸ்தினோவ் வரும் காட்சிகளில் கண் வேறெங்கும் போகாது. போலந்துப் படத்தின் மிஹால் பாயோரும் நன்றாகவே செய்கிறார், ஆனால் நீரோ என்றால் எனக்கு உஸ்தினோவ்தான்.

இருந்தும் என் ஓட்டு யெஷி கவலெரோவிச் இயக்கிய போலந்துப் படத்துக்கே. கிலோன்தான் காரணம்.

கிலோன் ஒரு கிரேக்கன். தத்துவம் பேசித் திரியும் ஒற்றன், காசுக்கு யாரையும் விற்பான். கிளாக்கஸ் என்ற மருத்துவரின் குடும்பத்தையே அடிமை வியாபாரிகளிடம் விற்றவன். அந்தக் கிளாக்கஸ் ஒருமுறை அவனை மன்னித்து விடுகிறார். அதன் பிறகும் கிறிஸ்தவர்களைக் காட்டிக் கொடுத்து, நீரோவின் பக்கத்தில் இடம் பிடிக்கிறான். அரண்மனைத் தோட்டத்தில் மனிதர்களைக் கம்பங்களில் கட்டி எரிக்கும் இரவில், எரிகிற கிளாக்கஸை நேருக்கு நேர் பார்க்கிறான். மன்னிப்புக் கேட்கிறான், கிடைக்கிறது. உடனே திரும்பி, ரோமை எரித்தது நீரோதான் என்று கூட்டத்தின் நடுவே கத்துகிறான்.

நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வினீசியஸ் மாறுவதற்குக் காதல் ஒரு காரணம், லிஜியா கிடைப்பாள் என்ற ஆசை இருக்கிறது. கிலோனுக்கு மாறுவதால் ஒரு லாபமும் இல்லை, உயிர்தான் போகும். ஆதிக் கிறிஸ்தவர்களிடம் அப்படி என்ன இருந்தது என்ற கேள்விக்கு, எந்தப் பிரசங்கத்தையும்விட இந்த அயோக்கியனின் மாற்றம் தெளிவாகப் பதில் சொல்கிறது. 1951 படத்தில் கிலோன் லிஜியாவைத் தேட உதவும் சின்னப் பாத்திரம், அவ்வளவுதான். நீரோவைக் குற்றம் சாட்டும் வேலை லிஜியாவின் வளர்ப்புத் தந்தைக்குப் போய்விடுகிறது. அவர் தொடக்கம் முதலே நல்லவர், அதனால் அந்தக் காட்சியில் வீரம் தெரிகிறது, மனமாற்றம் தெரிவதில்லை. போலந்துப் படத்தில் யெஷி ட்ரேலா கிலோனாகவே வாழ்ந்திருக்கிறார். முதலில் சிரிக்க வைக்கிறார், பிறகு அருவருக்க வைக்கிறார், அந்த இரவில் கலங்கடித்து விடுகிறார்.

இன்னொன்று, ஹாலிவுட் முடிவில் தளபதி கால்பா படையோடு வருவதாக, கிறிஸ்தவர்களைக் கொல்லும் அரங்கிலேயே அறிவித்து நீரோவை வீழ்த்திவிடுகிறார்கள். தீ விபத்து கி.பி. 64, நீரோ விழுந்தது 68. இந்த அவசரத்தில், இயேசுவின் சீடரான பேதுருவின் சாவுக்கு உரிய கனம் குறைகிறது. கவலெரோவிச்சோ, ரோமை விட்டுப் போகும் வழியில் கிறிஸ்துவைக் கண்டு மீண்டும் நகருக்கே திரும்பி நடக்கும் பேதுருவின் முன்னால் இன்றைய ரோம் நகரையே நிறுத்துகிறார். 2001 ஆகஸ்டில் இந்தப் படத்தை முதன்முதலாக வத்திக்கானில், போலந்துக்காரரான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முன்னிலையில் திரையிட்டார்கள்.

குறைகளும் உண்டு. அதுவரை வந்த போலந்துப் படங்களிலேயே அதிகச் செலவில் எடுத்தது என்றாலும், தீக்காட்சியில் ஹாலிவுட்டைத் தொட முடியவில்லை. காதலர்களாக வரும் பாவெல் டெலாங்கும் மாக்தலேனா மியெல்ட்சார்ஸும் அழகாக இருக்கிறார்கள், அதற்கு மேல் மனதில் நிற்கவில்லை. வசனம் அதிகம், சில இடங்களில் படம் நாவலின் பக்கங்களைப் புரட்டுவது போலவே நகர்கிறது. நான் சப்டைட்டிலோடுதான் பார்த்தேன், ஆகவே போலிஷ் வசனத்தின் அழகைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பெட்ரோனியஸாக வரும் போகுஸ்லாவ் லிண்டாவின் களைத்த குரல் மட்டும் மொழி தெரியாமலே பிடித்துப் போனது.

சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் 1951 படமே சரி. போலந்துப் படத்தின் அரங்கக் காட்சிகளை அவர்களுக்குக் காட்ட முடியாது.